நீச்சல் குளம், ஸ்பாவில் கரண்ட் பாதுகாப்பாக இருக்கிறதா? நீங்களே படிப்படியாகப் பார்ப்பது எப்படி

உலர்ந்த தரையில் செருப்புப் போட்டு நிற்பவருக்குச் சின்னக் கசிவு பட்டால், சுரீரென்று கையை இழுத்துக்கொள்வார். அதே கசிவு குளத்துக்குள் நிற்பவருக்குப் பட்டால் நிலைமையே வேறு. நனைந்த தோலில் மின்தடை பல மடங்கு இறங்கிவிடும். உடலில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே தசைகள் இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது மூச்சுவிடும் தசைகளும் முடங்கலாம். 230 வோல்ட்டில் ஒரு 60 வாட் பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு கொஞ்சம் என்று புரியும். இதயம் நின்றுதான் உயிர் போகும் என்றில்லை. கை கால் அசையாமல் மூழ்கிவிடுவதே போதும்.

வயரிங் செய்வது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை, அதை இங்கே சொல்லித்தரப் போவதில்லை. குளத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சோதிக்கலாம், எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

படி 1: முதலில் நிறுத்தும் ஸ்விட்சைக் கண்டுபிடியுங்கள்

பம்ப், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தும் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? அது குளத்தருகே நிற்பவர் கண்ணில் பட வேண்டும், ஆனால் தண்ணீருக்குள் இருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. ஒருமுறை அணைத்துப் பார்த்து, எல்லாம் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுங்கள்.

ஸ்பாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாயில் தலைமுடியோ உடலோ சிக்கினால் இழுத்து எடுக்க முடியாது, பம்ப்தான் நிற்க வேண்டும். அதற்கான சிவப்பு அவசர பட்டனை அழுத்திய பிறகு, யாராவது வந்து ரீசெட் செய்யும் வரை பம்ப் தானாக ஓடத் தொடங்கக் கூடாது.

தண்ணீரில் யாருக்காவது ஷாக் அடிக்கிறது என்று தோன்றினால் காப்பாற்றக் குதிக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, மிதவை வளையமோ உலர்ந்த கயிறோ எறியுங்கள். நீங்களே தண்ணீரில் இருக்கும்போது குறுகுறுப்பு தெரிந்தால், உலோக ஏணியைத் தொடாமல் வேறு பக்கமாக வெளியே வாருங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும், குழந்தைகளுக்கும்கூட, இதைச் சொல்லி வையுங்கள்.

படி 2: அளவு நாடாவை எடுங்கள்

எந்த மின் கருவி தண்ணீருக்கு எவ்வளவு அருகில் இருக்கலாம் என்று சொல்ல, ஐஇசி 60364-7-702 என்ற சர்வதேசத் தரநிலை குளத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உட்பகுதி மண்டலம் 0. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை, உயரத்தில் 2.5 மீட்டர் வரை மண்டலம் 1. அதற்கு அப்பால் இன்னும் 1.5 மீட்டர் மண்டலம் 2. அமெரிக்க மின் விதித்தொகுப்பில் பிரிவு 680 மண்டலமாகப் பிரிக்காமல் தூரங்களை அடிக்கணக்கில் சொல்கிறது, அதன்படி சாக்கெட்டுகள் குளத்தின் உட்சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் நாட்டு விதி எதுவோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

நாடாவைப் பிடித்தால் பெரும்பாலும் மாட்டுவது நிரந்தர வயரிங் அல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜரில் மாட்டிய மொபைல், ஸ்பீக்கர் போன்றவைதான். அவற்றை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

படி 3: பாண்டிங். இதில் அவசரப்படாதீர்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், அதிகம் கைவிடப்படுவதும் இதுதான்.

எர்த்திங் வேறு, பாண்டிங் வேறு. பழுதடைந்த கருவியிலிருந்து வரும் கரண்டுக்குத் திரும்பிப் போக எளிய வழி கொடுத்து, ப்ரேக்கரை விழ வைப்பது எர்த்திங். குளத்தைச் சுற்றி உள்ள உலோகங்களை எல்லாம் ஒன்றோடொன்று தாமிரக் கம்பியால் இணைத்து ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்துவது பாண்டிங். ஏணி, கைப்பிடிக் கம்பி, கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள், விளக்கின் உலோகக் கூடு, பம்ப் மோட்டாரின் உடல், ஹீட்டர் என எல்லாம் இதில் சேர வேண்டும்.

மேடு பள்ளம் இருந்தால்தான் தண்ணீர் ஓடும். கரண்டும் அப்படித்தான். ஏணிக்கும் தண்ணீருக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால், இரண்டையும் தொடுகிற உங்கள் உடல் வழியாகக் கரண்ட் பாயும். பாண்டிங் அந்த மேடு பள்ளத்தை நிரவிவிடுகிறது.

இதை வேறு எந்தக் கருவியாலும் ஈடு செய்ய முடியாது. மின் வாரியப் பக்கத்து நியூட்ரலில் கோளாறு இருந்தால், எர்த் வழியாக வெளியிலிருந்தே மின்னழுத்தம் குளத்தை வந்தடையலாம். உங்கள் பேனலில் உள்ள கசிவுத் தடுப்புக் கருவி வழியாக அது வருவதில்லை, ஆகவே அந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. குளத்து மின்சாரத்தை முழுக்க அணைத்த பிறகும் கைப்பிடியைத் தொட்டால் குறுகுறுக்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். யாரையும் தண்ணீரில் இறங்க விடாமல் எலக்ட்ரீஷியனையும் மின் வாரியத்தையும் கூப்பிடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்து ஏணிக்கும் பம்ப் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒயரின் மின்தடையைத் தனியாக அளந்து கழித்த பிறகு, மிச்சம் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பத்து, நூறு என்று காட்டினால் எங்கோ கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறது அல்லது கம்பி விட்டுப்போயிருக்கிறது. குளோரின் ஆவி படும் இடங்களில் உள்ள இணைப்புகள்தான் முதலில் அரிக்கும், அங்கிருந்து தேடச் சொல்லுங்கள்.

படி 4: ஆர்சிசிபி பட்டனை அழுத்துங்கள்

பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், அது வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, போகிறது என்று பொருள். அந்த வித்தியாசத்தைக் கண்டதும் துண்டிப்பதுதான் ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்புக் கருவியின் வேலை. குளத்துச் சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அமெரிக்காவில் புழங்கும் வகை 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே விழும். அங்கே இதை 1961இல் உருவாக்கியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். மனித உடல் எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று ஆராய்ந்து வந்தவர் அவர்.

கரண்ட் அளவு மீறினால் விழும் சாதாரண ப்ரேக்கரான எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 30 மில்லி ஆம்பியரைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். அடிக்கடி தானாக விழுகிறதா? எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போடும்போது விழுகிறதோ அதில் கசிவு இருக்கிறது. பல நேரம் அது ஹீட்டர் காயிலாக இருக்கும். தொந்தரவு தாங்காமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

வேகம் மாற்றக்கூடிய பம்ப் வைத்திருந்தால் இன்னொன்று. அதற்குள் உள்ள மின்னணுச் சுற்றின் கசிவை ஏசி வகை ஆர்சிசிபி சரியாக உணராமல் போகலாம். ஏ வகை வேண்டுமா, பி வகை வேண்டுமா என்று பம்பின் கையேட்டில் போட்டிருக்கும்.

படி 5: நீருக்கடியில் விளக்கு

12 வோல்ட் ஏசிக்கு மேல் வேண்டாம். மின்னழுத்தத்தை அந்த அளவுக்கு இறக்கித் தரும் பாதுகாப்பு ட்ரான்ஸ்ஃபார்மர் குளத்து மண்டலங்களுக்கு வெளியே இருக்க வேண்டும். 50 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் நீண்ட தூரத்துக்குத் தடித்த கேபிள் தேவை. தண்ணீரால் குளிரும்படி செய்யப்பட்ட விளக்கைக் குளம் காலியாக இருக்கும்போது எரிய விடாதீர்கள்.

படி 6: கண்ட்ரோல் பேனல் ஒழுங்காக யோசிக்கிறதா?

டைமர் கான்டாக்டர் என்ற மின்காந்த ஸ்விட்சை இழுக்கும், கான்டாக்டர் பம்பை ஓட்டும். அப்புறம் தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறது என்று ஃப்ளோ ஸ்விட்ச் சொன்னால்தான் ஹீட்டர் வர வேண்டும். தெர்மோஸ்டாட் பழுதாகிச் சூடு எல்லை தாண்டினால் துண்டிக்க, கையால் ரீசெட் செய்யும் தனி ஹை லிமிட் கட்அவுட் இருக்க வேண்டும். ஸ்பா தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

குளோரினும் அமிலமும் தானாகச் செலுத்தும் டோசிங் பம்புகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மெயின் பம்ப் நின்ற பிறகும் அவை ஓடினால், இரண்டும் குழாய்க்குள் கலந்து குளோரின் வாயு உண்டாகும். பம்ப் மறுபடி ஓடும்போது அந்த வாயு குளிப்பவர்கள் நடுவே வெளிப்படும்.

சோதிப்பது எளிது. எல்லாம் ஓடும்போது மெயின் பம்பை மட்டும் நிறுத்துங்கள். சில நொடிகளில் ஹீட்டரும் டோசிங் பம்புகளும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், ஒன்று நின்றால் மற்றதையும் நிறுத்தும் இன்டர்லாக் இல்லை அல்லது யாரோ அதை ஷார்ட் செய்திருக்கிறார்கள். சரி செய்யும் வரை இரண்டையும் அணைத்தே வையுங்கள்.

படி 7: எண்களாகக் கேளுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள். ஒன்று, ஆர்சிசிபி விழும் நேரம். சாதாரண வகையில் 30 மில்லி ஆம்பியருக்கு 300 மில்லி செகண்டுக்குள், அதைப் போல ஐந்து மடங்கு கசிவுக்கு 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். இரண்டு, பாண்டிங்கின் மின்தடை. மூன்று, 500 வோல்ட் டிசியில் அளந்த இன்சுலேஷனின் (ஒயரைச் சுற்றிய மின்காப்பின்) மின்தடை. அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். தாளைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்து, அடுத்த ஆண்டு எண்களை அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இன்சுலேஷன் 50 மெகா ஓமிலிருந்து 3க்கு இறங்கியிருந்தால், விதிப்படி தேறினாலும் அந்த மோட்டாரையோ ஹீட்டரையோ அப்போதே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.