கனடியப் பல்கலைக்கழகங்களில் பூர்வகுடி மாணவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவர்களுக்குத்தான் படிப்பு முழுக்க இலவசமாயிற்றே!" கனடாவுக்குப் படிக்கவோ கற்பிக்கவோ வருகிறவர்கள் வந்த வேகத்தில் கேட்டு, அப்படியே நம்பிவிடும் பேச்சு இது. உண்மை வேறு. கூட்டாட்சி அரசின் உயர்கல்வி உதவித்திட்டம், பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடியினரில் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றவர்களுக்கானது. பதிவு இல்லாதவர்களும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மேத்தி மக்களும் அதில் இல்லை. 1996 முதல் பல ஆண்டுகள் அந்த நிதியின் வளர்ச்சிக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் ஏராளம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் விடுத்த 94 செயல் அழைப்புகளில் 11-ஆவது, இந்தக் காத்திருப்பை முடிக்கப் போதிய நிதி கேட்டது.

"ஏன் ஒதுங்கியே நிற்கிறார்கள்?" என்று வரலாறு அறியாமல் கேட்பது இதைவிடப் பெரிய தவறு. 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி (பூர்வகுடிகளைத்தான் அந்தச் சட்டம் 'இந்தியர்' என்றது), பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பூர்வகுடி ஒருவர் சட்டம் தந்த தம் பூர்வகுடித் தகுதியையே இழந்துவிடுவார். 1880-இல்தான் அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. படித்தால் சொந்த மக்களை விட்டு விலக வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்த நாடு அது. பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பிள்ளைகள் 1,50,000-க்கும் மேல். அவற்றில் கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில். இன்று முதலாண்டு படிக்கும் மாணவியின் தாயே அங்கே இருந்திருக்கலாம்.

அதனால்தான், வகுப்பில் உறைவிடப் பள்ளிப் பேச்சு எழுந்ததும் எல்லாத் தலைகளும் அந்த மாணவியின் பக்கம் திரும்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை. குடும்பத்தின் காயத்தை அவள் ஏன் பாடமாக நடத்த வேண்டும்? கிரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த மாணவியிடம் ஹைடா என்ற வேறொரு பூர்வகுடி மக்களைப் பற்றிக் கேட்பதும் வீண். மொழியும் வரலாறும் வேறு வேறு. படித்து வருவது ஆசிரியரின் வேலை. வினிப்பெக், லேக்ஹெட் பல்கலைக்கழகங்கள் 2016-இல் இளங்கலை மாணவர்கள் எல்லோருக்கும் பூர்வகுடிகள் குறித்த பாடத்தைக் கட்டாயமாக்கின. சுமையை எல்லோர் தோளிலும் ஏற்றிய அந்த முடிவு சரியானது.

உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை அணிவது நல்லதே. மறுநாள் பல்கலைக்கழக அலுவலகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பாருங்கள். தாய், தந்தை, துணைவர் இறந்தால் மட்டும் விடுப்பு என்று விதி இருந்தால், தன்னை வளர்த்த பெரியம்மாவின் இறுதிச் சடங்குக்காக வடக்கே நெடுந்தூரம் போகும் மாணவர் தேர்வை இழப்பார். அந்த விதியைத் திருத்துங்கள். பேச அழைத்த பூர்வகுடி மூத்தோருக்கு உரிய மதிப்பூதியத்தைப் படிவங்களைக் காட்டி இழுத்தடிக்காமல் அன்றே கொடுத்துவிடுங்கள்.