சேலத்துக் கோடை: நேரம் தவறினால் ருசியும் தவறும்

கோடை விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். காலையில் ஜங்ஷனில் இறங்கி நேராக ஏற்காடு, படகு, போட்டோ, ராத்திரி ரயில். சேலத்தில் ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் போய்விடுகிறார்கள். மலைக்கு ஒரு நாள் என்றால் ஊருக்கும் ஒரு நாள் வையுங்கள். அந்த நாளை எந்த நேரத்தில் எங்கே கழிப்பது என்பதில்தான் அடுத்த தவறுகள் எல்லாம் நடக்கின்றன.

தட்டுவடை செட்டை மதியத்தில் தேடுவது முதல் தவறு. போன வருஷம் என் சித்தப்பா பையன் உச்சி வெயிலில் அலைந்து, கிடைக்காமல், பாக்கெட் தட்டுவடை வாங்கி வந்து, "இதுக்கா இவ்வளவு பேரு?" என்றான். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அது சாயங்காலத் தீனி. வெயில் தாழ்ந்த பிறகுதான் செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் தள்ளுவண்டிகள் களைகட்டும். சின்னத் தட்டுவடை மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதை மூட இன்னொரு தட்டுவடை. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் அறைக்குப் போவதற்குள் நமுத்துவிடும், மொறுமொறுப்பு போனால் அதில் ஒன்றுமில்லை. ஒரே கடையில் வயிற்றை நிரப்பவும் வேண்டாம். இங்கே ஒரு செட், நாலு கடை தள்ளி ஒரு நொறுக்கல் (தட்டுவடையை நொறுக்கிச் சட்னியோடு கலந்தது) என்று நடந்துகொண்டே சாப்பிடுங்கள். கை மாறினால் சட்னி மாறும்.

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு மதியம் போகிறவர்கள் சாத்திய கதவைத்தான் பார்ப்பார்கள். திறந்திருந்தாலும் அந்நேரம் கல் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. சாயங்காலம் போங்கள். மேற்குப் பார்த்த கோயில், சாயும் வெயில் முன்பக்கமாக விழும். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பங்கள் அங்கே இருப்பவை. யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, கல்லிலேயே செதுக்கிய சங்கிலி எல்லாம் அவசரத்தில் பார்க்கிற வேலை இல்லை. வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் தூணருகே நின்று, ராமன் எங்கிருந்து தெரிகிறான், எங்கிருந்து மறைகிறான் என்று தேடிப் பார்க்க மட்டும் ஐந்து நிமிஷம் ஆகும்.

சரி, மலைக்கு வருவோம். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்தச் சனி, ஞாயிறில் கிளம்பினால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வரிசைதான். வார நாளில், விடிந்ததும் கிளம்புங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், குழந்தைகள் பாவம். போகிற வழியில், 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தலாம். கிளியூர் அருவியை நம்பிப் போக வேண்டாம், மழை இல்லாத கோடையில் வெறும் பாறைதான்.

காப்பித் தோட்டத்தில் சிவந்த பழம் பறிக்கலாம் என்று மே மாதத்தில் வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பழம் பறிப்பது நவம்பருக்கு மேல். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் கோடை மழை, பூமழை என்பார்கள், அது பெய்த சில நாட்களில் செடி முழுக்க மல்லிகை போல வெள்ளையாகப் பூக்கும், அது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும். மே மாதத்தில் பச்சைக் காய்தான். ஆனாலும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே நடப்பதே போதும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி, மலையின் முகத்தையே மாற்றியிருக்கிறது.

காப்பித் தூளை, வந்த முதல் நாளே கிலோக் கணக்கில் வாங்கி, வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். வாசனை போய்விடும். கிளம்புகிற நாளில் கால் கிலோ, கண் முன்னால் அரைத்து வாங்கினால் போதும். சிக்கரி எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சிக்கரி கலக்காத தூளில் டிகாஷன் அவ்வளவு கறுப்பாக, கெட்டியாக இறங்காது. வீட்டுக்குப் போய் "ஸ்ட்ராங்கா இல்லையே" என்று கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைசியாக மாம்பழம். மல்கோவா, இமாம் பசந்த் இரண்டும் மே, ஜூனில்தான் நன்றாக வரும். ஏப்ரலில் வந்து மல்கோவா கேட்டு, கிடைத்ததை வாங்கிவிடாதீர்கள். பளபளவென்று ஒரே மஞ்சளாக இருப்பதைப் பொறுக்குவதும் தவறு. இந்த இரண்டும் பழுத்த பிறகும் தோலில் பச்சை நிற்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், மணம் வர வேண்டும். ஊருக்குக் கொண்டுபோவதற்கு விளைந்த காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வாசனையே வந்து சொல்லும்.