பட்டறையில் மரத்தைக் கெடுக்கும் தவறுகள்

பச்சை மரத்தில் வேலையைத் தொடங்குவதே தச்சர் செய்யக்கூடிய தவறுகளுள் மிகப் பெரியது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே சுருக்கம் தொடங்குகிறது. நீளவாக்கில் மரம் கணக்கில் கொள்ளத் தேவையற்ற அளவே குறையும். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவோ, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பலகை குழிந்து வளைவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

தொழில் பழகிய நாட்களில், ஈரம் காயாத பலகைகளை ஒட்டி ஒரு மேசை செய்து, மேற்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் பசையிட்டு இறுக்கினேன். மூன்றாம் மாதம், நள்ளிரவில் சுள்ளி முறிந்தாற்போல் ஓசை கேட்டு விளக்கோடு போய்ப் பார்த்தேன். பலகையின் ஒரு முனையிலிருந்து பாதி நீளத்துக்கு, நாணயம் நுழையும் அகலத்தில் வெடித்திருந்தது. அதில் தவறுகள் இரண்டு. காயாத மரத்தைத் தொட்டது ஒன்று. காய்ந்த மரமும் பருவந்தோறும் விரிந்து சுருங்கும் என்பதை மறந்து, அதற்கு இடம் விடாதது மற்றொன்று. மேற்பலகையைச் சட்டத்தில் பிணைக்கும் திருகாணிக்கு நீள்துளை போட்டிருந்தால் அந்த மேசை பிழைத்திருக்கும்.

அறுத்த பலகைகளை மண் தரையில் கிடத்துவதும் சுவரில் சாய்த்து வைப்பதும் கிராமத்துப் பட்டறைகளில் அடிக்கடி காணக்கூடியவை. தரையிலிருந்து உயர்த்தி, ஒரே கனமுள்ள குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி இடையிட்டு அடுக்க வேண்டும். முனைகள் வழியாகவே நீர் விரைந்து வெளியேறுவதால், அங்கு மெழுகோ வண்ணமோ பூசாவிட்டால் வெடிப்பு விழும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு; மரத்தின் வகைக்கும் காற்றுக்கும் ஏற்ப அது மாறும்.

மழுங்கிய உளியே கையை வெட்டும். கூரில்லாத உளிக்கு வலுக் கொடுக்க வேண்டியிருப்பதால் அது சறுக்கும்போது நம்மால் நிறுத்த முடிவதில்லை. பொதுவான வேலைக்கு 25 பாகையில் சாணை பிடித்து, விளிம்பை மட்டும் 30 பாகையில் தீட்டினால் போதும். மென்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள்: நார் நசுங்காமல் பளபளப்பாக வந்தால் கூர் சரி, வெளுத்துப் பொடிந்தால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

இழைப்புளியைத் தள்ளும் முன் பலகையின் பக்கவாட்டைப் பார்க்காததும் பொறுமையின்மையே. நார்க்கோடுகள் மேற்பரப்பை நோக்கி ஏறும் திசையில் இழைத்தால் சுருள் நீளமாக வரும். எதிர்த்திசையில் இழைத்தால் நார் பிய்ந்து குழி விழும். அறுக்கும்போது ரம்பம் அளந்து போட்ட கோட்டின்மேல் ஓடாமல், கழிவுப் பக்கமாக ஓட வேண்டும்.

ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிவது மட்டும் எவரும் ஒருமுறைகூடச் செய்யக் கூடாத தவறு. அந்த எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தேங்கி, தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். சீவலும் தூளும் நிறைந்த பட்டறைக்கு அது ஒன்றே போதும். துணியைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள். இயலாவிட்டால் நீரில் முழுக அமிழ்த்தி வையுங்கள்.