ஹோம் பதிப்புக் கணினியை அலுவலகச் சர்வருடன் இணைக்கும் முறை

கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலை அலுவலகம் ஒன்றுக்கு, விலை குறைவு என்று விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக் கணினிகளை வாங்கிவிட்டால், அவற்றை டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்க்க இயலாது. அதற்குப் புரோ பதிப்பு வேண்டும். ஆயினும் சர்வரில், அதாவது அலுவலகத்தின் பொதுக் கணினியில், உள்ள கோப்புகளைப் பயன்படுத்தத் தடையில்லை.

சர்வரின் ஃபோல்டரை உங்கள் கணினியில் ஒரு டிரைவாகக் காட்டும் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ பெட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளுடன் (\) சர்வரின் பெயரையும், இன்னொரு கோடிட்டுப் பகிர்ந்த ஃபோல்டரின் பெயரையும் எழுதி, ‘கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்’ என்பதில் குறியிடுங்கள். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் டொமைன் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற வரிசையில் தர வேண்டும். பலர் டொமைன் பெயரை விட்டுவிட்டு, கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பச் சந்தேகிப்பார்கள். சர்வரின் பெயரே கிடைக்கவில்லையெனில், டிஎன்எஸ் (பெயரைக் கொண்டு கணினியின் முகவரியைக் கண்டறியும் சேவை) முகவரி ரவுட்டரைக் காட்டுகிறதா, சர்வரைக் காட்டுகிறதா என்று பாருங்கள்; சர்வரைக் காட்ட வேண்டும்.

கடவுச்சொல் மாறும்போதெல்லாம், அதைச் சேமித்து வைக்கும் ‘கிரெடென்ஷியல் மேனேஜரில்’ நீங்களே திருத்த வேண்டும்; எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான அமைப்புகளை விதிக்கும் டொமைனின் குரூப் பாலிசியும் இக்கணினிகளை எட்டாது. நான்கைந்து கணினிகளுக்கு மேல் இருந்தால், கோப்புகள் அழியாமலே புரோவுக்கு மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.