கடைசி இடத்து அணியைப் பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் இருக்கின்றன. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். பெரும்பாலான ரசிகர்கள் பட்டியலின் மேல்பகுதியைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கடைசி வரிகள் மேல்தான் கண். சிகாகோவில் இரவு 7:10-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 5:40. 2024 கோடையில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் தோற்பதைப் பார்த்தபடிதான் எனக்குப் பல நாள்கள் விடிந்தன. அடுத்த வருடம் கொலராடோ ராக்கீஸ். இந்த இரண்டு அணிகளையும் பின்தொடர்ந்ததில், தோற்கும் அணியைப் பார்க்கும்போது நாம் எங்கெல்லாம் தப்பாகக் கணக்குப் போடுகிறோம் என்பது ஓரளவு பிடிபட்டது.

கிரிக்கெட் பழக்கத்தில் வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, வெற்றி தோல்வியின் எடையைத் தவறாக அளப்பது. 2024-ல் லீக்கிலேயே அதிக ஆட்டங்களை வென்றது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 98 வெற்றி, 64 தோல்வி. அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்குத்தான். அதாவது சாம்பியனே 64 முறை தோற்றிருக்கிறது. இதை ஐபிஎல்லின் 14 ஆட்டக் கணக்குக்கு மாற்றினால் எட்டு, ஒன்பது வெற்றிதான் வரும். அதே வருடம் ஒயிட் சாக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரு சீசனில் இத்தனை ஆட்டங்களைத் தோற்றதில்லை. அதுவும் 14 ஆட்டக் கணக்கில் மூன்று, நான்கு வெற்றிக்குச் சமம். பேஸ்பாலில் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி அவ்வளவுதான். ஆகவே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தோற்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 20 ஆட்டம் தொடர்ந்து தோற்றால் மட்டும்தான் விஷயம் தீவிரம்.

அப்படித்தான் நடந்தது. அந்த ஜூலை 10-ம் தேதி தொடங்கி ஒயிட் சாக்ஸ் வரிசையாக 21 ஆட்டங்களைத் தோற்றது. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதற்கு முன் அத்தனை ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றது 1988-ன் பால்டிமோர் ஓரியோல்ஸ் மட்டும். ஆகஸ்ட் 6-ம் தேதி ஓக்லாந்தில் 5-1 என வென்றதும் அந்தத் தோல்வி வரிசை முடிந்தது. இரண்டே நாளில் மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த தவறு, ஆரம்ப வேகத்தை அப்படியே பெருக்கி முடிவு சொல்வது. 2025-ல் ராக்கீஸ் ஜூன் தொடக்கத்தில் 9 வெற்றி, 50 தோல்வி என்று நின்றது. பலரும் கால்குலேட்டரை எடுத்தார்கள். இதே வேகத்தில் போனால் 162 ஆட்டத்தில் 25 வெற்றிகூட வராது, 137 தோல்வி என்றார்கள். அதே வாரம் ராக்கீஸ் மயாமிக்குப் போய் மூன்று ஆட்டத் தொடரை முழுசாக வென்றது. அந்த சீசனில் அவர்கள் வென்ற முதல் தொடரே அதுதான். அதற்குப் பிறகு மீதியிருந்த 100 ஆட்டங்களில் 31-ஐ வென்று, 43-119 என்று முடித்தார்கள். மோசம்தான், ஆனால் 137 தோல்வி எங்கே, 119 எங்கே! எவ்வளவு பலவீனமான மேஜர் லீக் அணியிலும் உலகின் மிகச் சிறந்த சில நூறு ஆட்டக்காரர்களில் 26 பேர் இருக்கிறார்கள். முதல் 59 ஆட்டத்தில் வந்த பாதாளம் கடைசி வரை நீடிப்பது மிகவும் அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. எத்தனை ரன் எடுத்தார்கள், எத்தனை ரன் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, கொடுத்தது 813. வித்தியாசம் 306. 2025 ராக்கீஸ் எடுத்தது 597, கொடுத்தது 1,021. வித்தியாசம் 424. நவீன பேஸ்பால் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய பள்ளம் கிடையாது. அதற்கு முன் மோசமானது 1932-ன் பாஸ்டன் ரெட் சாக்ஸ், 349.

பேஸ்பாலில் ஒரு பழைய கணக்கு உண்டு. எடுத்த ரன்னை வர்க்கப்படுத்தி, அதை எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீத ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். ஒயிட் சாக்ஸுக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 45 வெற்றி வருகிறது. வந்தது 41. ராக்கீஸுக்குச் சுமார் 41 வருகிறது. வந்தது 43. ஆக, பட்டியலில் ஒயிட் சாக்ஸ்தான் மோசம். ஆனால் களத்தில் ஆட்டம் ஆட்டமாக அதிகமாக அடி வாங்கியது ராக்கீஸ். "வரலாற்றிலேயே மோசமான அணி" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்டுவிட்டுத்தான் நான் பேசுவேன். நல்ல அணி எது என்று வாதிடும்போது இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறோம். தோற்கும் அணிக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

ராக்கீஸைப் பற்றிப் பேசும்போது இடத்தை மறந்துவிடக் கூடாது. டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம். காற்று மெல்லியது. அடித்த பந்து தூரம் போகும். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எறியும் வளைபந்து கீழே வேண்டிய அளவு வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள், அப்படியும் பிட்சர்கள் பாடு திண்டாட்டம்தான். 2025-ல் அவர்களுடைய தொடக்க பிட்சர்கள் (ஆட்டத்தின் ஆரம்பத்திலிருந்து வீசுபவர்கள்) ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.65 ரன் கொடுத்தார்கள். 1913-ல் அந்தக் கணக்கு அதிகாரப்பூர்வமானதிலிருந்து இவ்வளவு மோசமான எண் வந்ததில்லை. இதில் ஒரு பங்கு மலைக்கு, ஒரு பங்கு ஆட்டக்காரர்களுக்கு. அதே மாதிரி, அந்த மைதானத்தில் ஆடியும் 597 ரன்தான் என்றால் மட்டை பிடித்தவர்கள் எண்களில் தெரிவதைவிடப் பலவீனம் என்று அர்த்தம். கேட்சர் ஹன்டர் குட்மேனை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். அந்தச் சீசனில் 31 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி) அடித்தார், சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார்.

பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சரின் கணக்கில் எழுதுவார்கள். அப்படி அவர் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணை நம்புவது இன்னொரு தவறு. தோற்கும் அணியைப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். ஒயிட் சாக்ஸின் கேரட் குரோஷே 2024-ல் 6 வெற்றி, 12 தோல்வி. எண்ணைப் பார்த்தால் சாதாரண ஆள். ஆனால் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றியிருந்தார். அணி ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? டிசம்பரில் அவரைப் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து நான்கு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். 2025-ல் அங்கே அவர் 18 வெற்றி, 5 தோல்வி, 255 ஸ்டிரைக் அவுட். கை அதேதான், பின்னால் நிற்கும் அணி மாறியது. 2003-ல் டெட்ராய்ட் டைகர்ஸின் மைக் மராத் 21 ஆட்டங்களைத் தோற்றார். 1980-க்குப் பிறகு ஒரு சீசனில் 20 ஆட்டம் தோற்ற முதல் பிட்சர் அவர். அந்த எண் வரப்போகிறது என்று தெரிந்தும் தன் முறை வரும்போதெல்லாம் களத்துக்கு வந்து வீசினார். எனக்கு அவர் மேல் தனி மதிப்பு உண்டு.

குரோஷே போனதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். ஜூலை கடைசியில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வரும். கடைசி இடத்து அணி தன்னிடம் இருக்கும் நல்லவர்களை மேலே இருக்கும் அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் மேஜர் லீக்கைத் தொடாத பையன்களை வாங்கும். 2024 ஜூலையில் எரிக் ஃபெடி, டாமி ஃபாம், மைக்கேல் கோபெக் மூவரும் ஒரே பேரத்தில் போனார்கள். பிடித்த ஆட்டக்காரரின் பெயர் போட்ட சட்டையை ஜூன் மாதம் வாங்குவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வேண்டுமென்றே தோற்கிறார்களா? "முதல் டிராஃப்ட் வாய்ப்புக்காக விட்டுக்கொடுக்கிறார்கள்" என்று பலர் சொல்வது பழைய கதை. டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுப்பது. முன்பு கடைசி இடத்து அணிக்குத்தான் அடுத்த வருடம் முதல் புதுமுகத்தை எடுக்கும் உரிமை. அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர்களும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் ஆறு இடங்களுக்கு லாட்டரி. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 16.5 சதவீத வாய்ப்புதான். பெரிய நகரத்துப் பணக்கார அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் லாட்டரியில் இடம் பெறவும் முடியாது. அந்த விதியால், 121 ஆட்டம் தோற்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்ட்டில் கிடைத்தது பத்தாவது இடம். முதல் வாய்ப்பே கிடைத்தாலும், எடுத்த பையன் அடுத்த ஏப்ரலில் வந்து காப்பாற்றுவான் என்று நினைப்பதும் தப்பு. கூடைப்பந்து மாதிரி இல்லை இது. 2019-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஆட்லி ரட்ச்மன் பால்டிமோருக்கு ஆட வந்தது 2022 மே மாதம். அந்த அணி 2021-ல் 110 ஆட்டம் தோற்று, 2023-ல் 101 ஆட்டம் வென்றது.

ஆனால் கடைசியில் நிற்பதால் கிடைக்கும் வேறு ஒரு சின்னக் கதவு உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. டிசம்பரில் ரூல் 5 டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். மற்ற அணிகள் தங்கள் 40 பேர் பட்டியலில் பாதுகாக்காமல் விட்ட மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் பயிற்சி நிலை) ஆட்டக்காரர்களை அதில் எடுக்கலாம். எடுத்தால் அடுத்த சீசன் முழுவதும் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். 2024-ல் முதல் வாய்ப்பு ஒயிட் சாக்ஸுக்கு. மில்வாக்கியின் மைனர் லீக்கில் இருந்த ஷேன் ஸ்மித் என்ற பிட்சரை எடுத்தார்கள். ஏழே மாதத்தில் அவர் ஆல் ஸ்டார். அதே கோடையில் மைனர் லீக்கிலிருந்து வந்த கோல்சன் மாண்ட்கோமரி 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்தார். முந்தைய வருடம் இவர் சார்லட்டில் இருக்கும் மைனர் லீக் அணியில் ரன் அடிக்கத் திணறிக்கொண்டிருந்தார். மைனர் லீக் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் கடைசி இடத்து அணியைப் பின்தொடர்வது, விதைத்ததைப் பார்க்காமல் வரப்பை மட்டும் பார்ப்பது மாதிரி. ஒயிட் சாக்ஸ் 2025-ல் 60 ஆட்டம் வென்றது. 19 வெற்றி அதிகம், ஆனாலும் 102 தோல்வி.

காலி இருக்கைகளைக் காட்டி "இந்த ஊருக்கு ரசிகர்களே இல்லை" என்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. 2023-ல் ஓக்லாந்து ஏஸ் 112 ஆட்டம் தோற்றது. அணியை ஊரைவிட்டு எடுத்துப்போக உரிமையாளர் முனைந்திருந்தார். ஜூன் 13-ம் தேதி ரசிகர்கள் வரமாட்டோம் என்பதற்குப் பதிலாக, வந்து காட்டுகிறோம் என்று முடிவெடுத்தார்கள். 27,759 பேர் வந்து, அணியை விற்கச் சொல்லி முழங்கினார்கள். அன்று டாம்பாவை 2-1 என வென்றார்கள், அது தொடர்ச்சியான ஏழாவது வெற்றி. அப்படியும் அணி ஓக்லாந்தை விட்டுப் போய்விட்டது. 1988 பால்டிமோரிலும் இப்படித்தான். அணி 1 வெற்றி, 23 தோல்வியோடு ஊர் திரும்பியபோது மைதானத்துக்கு 50,402 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் அதே அணி 87 ஆட்டம் வென்றது.

செப்டம்பரில் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். 2003 டைகர்ஸ் அப்போதைய நவீன காலச் சாதனையான 120 தோல்வியைத் தொடாமல் இருக்கக் கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றது. மூன்று வருடம் கழித்து லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஆடியது. 2024 செப்டம்பர் 22-ம் தேதி ஒயிட் சாக்ஸ் 120-ஐத் தொட்டதும் ஊரெல்லாம் 121-க்குக் காத்திருந்தது. அவர்களோ சிகாகோவில் ஏஞ்சல்ஸை மூன்று நாளும் தோற்கடித்தார்கள். சாதனை டெட்ராய்ட்டில் 27-ம் தேதிதான் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆட்டம் பாக்கி. இரண்டையும் வென்றார்கள்.

கடைசியாக, ஆட்டத்தின் நடுவில் எழுந்து போவது. 2025 ஆகஸ்ட் 1, டென்வர். நமக்குச் சனிக்கிழமை காலை. முதல் இன்னிங்ஸிலேயே பிட்ஸ்பர்க் 9 ரன் எடுத்துவிட்டது. பல் தேய்க்கப் போகலாம் என்றுதான் தோன்றும். ஒன்பதாவது இன்னிங்ஸில் ராக்கீஸ் 12-16 என்று பின்னால் இருந்தது. ஒவ்வொரு ரன்னாகத் தொத்தி வந்தார்கள். பிரென்டன் டாயில் அடித்த ஹோம் ரன்னோடு 17-16. மொத்த அணியும் ஓடிவந்து ஹோம் பிளேட்டில் அவரைச் சூழ்ந்துகொண்டது. பட்டியலில் அவர்கள் அன்றும் கடைசி இடத்தில்தான் இருந்தார்கள்.