முகத்துல கலர் திட்டுத்திட்டா இருக்கா, தோல் பாக்டீரியாவை வெச்சு என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாது

முதல்லயே சொல்லிடறேன், இது வெள்ளையாகறதுக்கான கைடு இல்ல. நம்ம கலர் நம்ம கலர்தான். பரு வந்துபோன இடம் கருப்பா தங்கிடறது, கன்னத்துல மங்கு, முதுகுல தேமல், இந்த மாதிரி அங்கங்க வேற வேற கலரா இருக்கறதை எப்படி சமமாக்கறது, அதுல நம்ம தோல் மேல குடியிருக்கற பாக்டீரியாவுக்கு என்ன வேலை, "ப்ரோபயாடிக்" (நல்ல பாக்டீரியா)னு போட்டு விக்கற க்ரீமுக்கு காசு குடுக்கலாமா, இவ்ளோதான் விஷயம்.

க்ரீம் வாங்கறதுக்கு முன்னாடி அது என்ன திட்டுன்னு பாருங்க. பாத்ரூம் லைட்ல வேணாம், பகல்ல ஜன்னல் பக்கத்துல கண்ணாடியை வெச்சு பாருங்க. பரு தழும்பு ப்ரவுனா இருந்தா தோலுக்கு கலர் குடுக்கற மெலனின் மேல் தோல்ல இருக்குன்னு அர்த்தம், சில மாசத்துல போயிடும். நீலம் கலந்த சாம்பல் கலரா இருந்தா உள்ள ஆழமா இறங்கிடுச்சு, அது வருஷக்கணக்குல கூட இழுக்கும், அதுக்குன்னு ஒவ்வொரு வாரமும் புது க்ரீம் மாத்தறதுல பிரயோஜனம் இல்ல. தேமல்னு சந்தேகம் இருந்தா அந்த இடத்தை நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, மாவு மாதிரி பொடி செதில் வந்தா அனேகமா தேமல்தான். அது பாக்டீரியா இல்ல, மலசீசியாங்கற ஈஸ்ட், எல்லார் தோல்லயும் இருக்கறதுதான், சிலருக்கு அளவுக்கு மீறி வளர்ந்துடும். கீட்டோகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து போட்டா செத்துடும், ஆனா கலர் திரும்ப மாசக்கணக்காகும். நிறைய பேர் இந்த இடத்துலதான் "மருந்து வேலை செய்யல"ன்னு நினைச்சுட்டு மறுபடி மறுபடி போட்டுட்டே இருக்காங்க. செதில் நின்னுடுச்சுன்னா மருந்து வேலை செஞ்சிடுச்சு, மிச்சம் காத்திருக்கறதுதான்.

அக்குள்லயும் தொடையிடுக்குலயும் ஓரம் தெளிவா தெரியற மாதிரி ப்ரவுன் திட்டு இருந்தா அது நிஜமாவே பாக்டீரியா வேலையா இருக்கலாம். எரித்ராஸ்மான்னு பேரு, கொரினிபாக்டீரியம் மினுட்டிசிமம்னு ஒண்ணு பண்றது. டாக்டர் வுட்ஸ் விளக்குங்கற புற ஊதா விளக்கை அடிச்சா பவளச் சிவப்பா மின்னும், ஏன்னா அந்த பாக்டீரியா போர்ஃபிரின்னு ஒரு பொருளை செய்யுது. ஆன்டிபயாடிக்ல சரியாகிடும், எந்த பிரைட்டனிங் க்ரீமாலயும் ஆகாது. கழுத்தைச் சுத்தி வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கருப்பா இருந்தா அது அழுக்கு இல்லங்க, தேய்க்காதீங்க, பெரும்பாலும் இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், சுகர் டெஸ்ட் எடுங்க.

இப்ப தேமல்ல ஒரு சுவாரசியமான கதை. தேமல் இருக்கற இடம் ஏன் வெளுக்குதுன்னு ரோம்ல மார்செல்லா நாசாரோ-போரோவும் சிரோ பாசியும் அந்த ஈஸ்ட்டை வளர்த்துப் பாத்தாங்க, அது கொழுப்பை உடைச்சு உண்டாக்கற சில அமிலங்கள் டைரோசினேஸ்ங்கற என்சைமை தடுக்குதுன்னு 1978ல எழுதினாங்க. மெலனின் உருவாக அந்த என்சைம்தான் முக்கியம். அந்த அமிலங்கள்ல ஒண்ணுதான் இன்னிக்கு ட்யூப்ல கிடைக்கற அசலாயிக் அமிலம். தேமல் வெளுக்கறதுக்கு இந்த அமிலம் மட்டும்தான் காரணமான்னு இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா மருந்தா அது நல்லாவே நிலைச்சிடுச்சு. கோஜிக் அமிலமும் இப்படித்தான், ஜப்பான்ல அரிசியை நொதிக்க வைக்கற பூஞ்சைல இருந்து 1907ல பிரிச்சு எடுத்தது. அதாவது நுண்ணுயிர்ல இருந்து உருப்படியா கிடைச்சது அதுங்க செய்யற கெமிக்கல்தான், உயிரோட இருக்கற கிருமியை முகத்துல பூசறது இல்ல.

சரி, நம்ம முகத்துல யார் இருக்காங்க? 2009ல 10 ஆரோக்கியமான ஆளுங்க கிட்ட உடம்புல 20 இடத்துல சாம்பிள் எடுத்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எண்ணெய் சுரக்கற இடத்துல ஒரு கூட்டம், ஈரமா இருக்கற மடிப்புல வேற கூட்டம், வறண்ட கைல வேற கூட்டம்னு இடத்துக்கு இடம் மாறுது. நெத்தி, மூக்குப் பக்கம் எல்லாம் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் ராஜ்ஜியம். பேரைக் கேட்டதும் பருவுக்கு இதுதான் வில்லன்னு நினைப்போம், ஆனா பரு இல்லாதவங்க முகத்துலயும் இதேதான் நிறைய இருக்கு. இது எண்ணெயை தின்னு கொழுப்பு அமிலத்தை விடுது, தோல் கொஞ்சம் அமிலமாவே, பிஎச் 5 பக்கமா இருக்கறதுக்கு இதுவும் உதவி, அந்த அமிலத்தன்மைதான் வெளில இருந்து வர்ற கெட்ட கிருமியை ஒட்ட விடாம வைக்குது. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்னு இன்னொண்ணு செராமைடுங்கற கொழுப்பு உருவாக கைகுடுக்குது, அதாவது தோலோட தடுப்புச் சுவர் கெட்டியாக.

கலருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா பெரிய வழி இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சிதான். சுவர் உடைஞ்சா எரிச்சல், எரிச்சல் வந்தா மெலனினை செய்யற மெலனோசைட் செல் உசுப்பேறி மெலனினை கொட்டும், மாநிறமும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப சுலபமா நடக்கும். நானே பட்டிருக்கேன். ஒரே வாரத்துல ஸ்க்ரப், ஆசிட் டோனர், வைட்டமின் சி, ரெட்டினால்னு நாலையும் ஆரம்பிச்சேன், அஞ்சாவது நாள் மூக்கு ஓரத்துல வெறும் தண்ணி பட்டாலே சுருக்குனு குத்துச்சு, தோல் உரிஞ்சு வாயோரம் கட்டைவிரல் அளவுக்கு ப்ரவுன் திட்டு, அது போக ஏழு மாசம். இருந்த பரு தழும்பே தேவலாம்னு ஆகிடுச்சு.

அதனால செய்ய வேண்டியது இது. சோப்பை முகத்துல இருந்து எடுத்துடுங்க, சாதாரண சோப்போட பிஎச் 9, 10 பக்கம், ஒவ்வொரு தடவை கழுவும்போதும் தோலோட பிஎச் ஏறி, அதாவது அமிலத்தன்மை குறைஞ்சு, பழையபடி ஆக சில மணிநேரம் ஆகுது. அதுக்கு பதிலா பிஎச் 5.5 பக்கம்னு போட்ட மைல்டு க்ளென்சர், ராத்திரி ஒரு தடவை, காலைல வெறும் தண்ணி போதும். ஆன்டிபாக்டீரியல் ஃபேஸ்வாஷ் சும்மா சும்மா வேணாம். மயிர்க்கால் உள்ள இருக்கறதுங்க எப்படியும் திரும்ப வந்துடும், நீங்க தினமும் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, தோல்தான் வறண்டு போகும். கழுவினதும் ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர்.

இந்த அடிப்படையை ரெண்டு வாரம் மட்டும் பண்ணிட்டு அப்புறம் ஒரே ஒரு மருந்தை சேருங்க. எனக்கு முதல் சாய்ஸ் அசலாயிக், ஏன்னா அது டைரோசினேஸையும் தடுக்கும், இன்ஃப்ளமேஷனையும் அடக்கும், பருவையும் குறைக்கும். பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, மாய்ஸ்சரைசருக்கு மேல. முதல்ல கொஞ்சம் அரிக்கும், எரிச்சல் அதிகமானா நிறுத்திடுங்க. அது ஒத்துக்கலன்னா நியாசினமைடு 5%, இது மெலனின் பொதி மேல் தோல் செல்லுக்கு கைமாறறதை தடுக்குது. எதுவானாலும் காதுக்குக் கீழ தாடை ஓரத்துல நாலு நாள் போட்டுப் பாத்துட்டு முகத்துக்கு வாங்க.

சன்ஸ்க்ரீன் இல்லாம மேல சொன்ன எதுவும் நிக்காது. எஸ்பிஎஃப் 30க்கு மேல, யுவிஏங்கற புற ஊதாக் கதிரையும் தடுக்கறது, ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கி முகம் கழுத்து ரெண்டுக்கும். மங்கு இருக்கறவங்க அயர்ன் ஆக்சைடு சேர்ந்த டின்ட் வகை எடுங்க, ஏன்னா கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே மங்கை கிளப்பும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதை அவ்வளவா மறைக்காது.

ப்ரோபயாடிக் க்ரீமுக்கு வருவோம். டப்பாவைத் திருப்பி லிஸ்ட்டை படிங்க, "லைசேட்", "ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்"னு இருந்தா உள்ள இருக்கறது உடைச்ச பாக்டீரியா துண்டும் அதுங்க விட்ட கஷாயமும்தான், உயிரோட எதுவும் இல்ல. இருக்கவும் முடியாது, தண்ணி இருக்கற க்ரீம்ல ப்ரிசர்வேட்டிவ் போட்டாகணும். ஐஎஸ்ஓங்கற சர்வதேச அமைப்போட தரத்துலயே ஒரு கிராம்ல 1000 நுண்ணுயிருக்கு மேல கூடாது, கண் பக்கம் போடறதுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் 100. லைசேட் கெட்டதுன்னு சொல்லல, சிலது எரிச்சலை அடக்குது, நல்ல மாய்ஸ்சரைசரா நினைச்சு வாங்கிக்கோங்க. "ஆராய்ச்சியில நிரூபிச்சது"ன்னு போட்டிருந்தா எதுல நிரூபிச்சாங்கன்னு தேடுங்க, பல தடவை பி16ங்கற எலி மெலனோமா செல்லை தட்டுல வளர்த்து பாத்ததா இருக்கும், தட்டுல இருக்கற செல்லுக்கு மேல் தோலும் கிடையாது வெயிலும் கிடையாது. மனுஷங்க முகத்துல, ஒரு பக்கம் மருந்து இன்னொரு பக்கம் வெறும் க்ரீம்னு போட்டு, மெலனின் அளவை மெஷின்ல எடுத்து, குறைஞ்சது 8 வாரம் பாத்திருந்தா அப்ப யோசிக்கலாம்.

ஒரே வாரத்துல பளிச்னு ஆக்கற, மருந்தோட பேரே போடாத க்ரீம் எதையும் தொடாதீங்க, உள்ள ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க நிறைய வாய்ப்பு. பாதரசம் சேர்த்த அழகு க்ரீமை பாதரசத்தை கட்டுப்படுத்தற மினமாட்டாங்கற சர்வதேச ஒப்பந்தமே தடை பண்ணி வெச்சிருக்கு, அப்படியும் விக்கறாங்க. ஸ்டீராய்டு கலந்ததை மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கறவங்க திடீர்னு நிறுத்தினா முகம் செவந்து பருவா வெடிக்கும், டாக்டர் கிட்ட காட்டி அவர் சொல்றபடி நிறுத்துங்க.

கடைசியா போட்டோ. மாசம் ஒரு தடவை, அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாம. தினமும் கண்ணாடில தேடினா ஒண்ணுமே தெரியாது, என் வாயோரத் திட்டு குறைஞ்சதே மூணாவது மாச போட்டோவை முதல் போட்டோ பக்கத்துல வெச்சப்பதான் தெரிஞ்சுது. பன்னெண்டு வாரம் ஒழுங்கா பண்ணியும் துளி மாற்றம் இல்ல, இல்ல திட்டு பரவுது, ஓரம் கோணலா ஆகுது, ரத்தம் வருதுன்னா அந்த போட்டோக்களை எடுத்துட்டு நேரா தோல் டாக்டர் கிட்ட போங்க.