புதுப் பல் செட் கட்டியவர்களுக்கு: முதல் மாதம்

அம்மாவுக்கு மேலும் கீழும் முழுப் பல் செட் கட்டினோம். நான்காம் நாளே ஈறு புண்ணாகி, செட் அலமாரிக்குள் போய்விட்டது. ஆறு மாதம் வெளியே வரவில்லை. வலித்தால் திரும்பப் போய், உறுத்தும் இடத்தைத் தேய்த்து வாங்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆகிவிடக் கூடாது.

முதலில் மாட்டப் பழகுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து, செட்டைத் தண்ணீரில் நனைத்து, மேல் செட்டை அண்ணத்தோடு கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்புறம் கீழ் செட்டை இரண்டு பக்கமும் விரல் வைத்து அமர்த்துங்கள். கடித்து உட்கார வைக்காதீர்கள், உடைந்துவிடும். மேல் செட் கழல மறுத்தால், உதட்டை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பினால் பிடி விடும். கீழ் செட் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மேல் செட்டைப் போல அதற்கு அண்ணத்தின் பிடிப்பு கிடையாது. நாக்கும் கன்னமும் அதைப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும்.

முதல் சில நாள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பேச்சு குழறும். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள்.

சாப்பாட்டுக்கு முதல் வாரம் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் போதும். சின்னச் சின்ன வாயாக, இரண்டு பக்கமும் மெல்லுங்கள். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். கொய்யாவை முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் கழன்று வரும், நறுக்கிச் சாப்பிடுங்கள். அண்ணம் மூடியிருப்பதால் காபியின் சூடு சரியாகத் தெரியாது. அம்மா ஒருமுறை தொண்டையைச் சுட்டுக்கொண்டார்.

இனி வலி. உறுத்தும் இடத்தை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். டாக்டரிடம் போகும் முன் சில மணி நேரமாவது செட்டைப் போட்டிருங்கள். அப்போதுதான் ஈறில் சிவந்த தடம் தெரியும், எங்கே தேய்க்க வேண்டும் என்று அவருக்கும் புரியும். கழற்றி வைத்துவிட்டு வெறும் வாயோடு போனால் தடம் மறைந்திருக்கும். இரண்டு மூன்று தடவை போக வேண்டி வருவது சாதாரணம். நாங்கள் ஆறு மாதம் கழித்துப் போனபோது ஈறின் வடிவமே மாறியிருந்தது. உள்பக்கத்தில் புதுப் பூச்சு வைத்துத்தான் பொருத்த முடிந்தது.

ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் கழற்றி அலசுங்கள். இரவில் மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். பற்பசை, பல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். கீறல் விழும், அதில் அழுக்கும் பூஞ்சையும் தங்கும். வெந்நீர் கூடவே கூடாது. செட் அக்ரிலிக்கால் ஆனது, சூட்டில் வளைந்துவிடும். கழுவும்போது கீழே பாதி தண்ணீர் நிரப்பிய பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், கை நழுவினாலும் உடையாது.

தூங்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். போட்டபடியே தூங்கினால் மேல் செட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்து அண்ணம் சிவந்து போகும். ஜப்பானில் சராசரியாக 87 வயது கடந்த 524 முதியவர்களை மூன்று ஆண்டு கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. பல் செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கழற்றிய செட்டைச் சாதாரணத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். காய்ந்தால் வடிவம் மாறும். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

விருந்துக்குப் போனால் செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். இலையோடு சேர்த்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். சின்ன டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.

வருடம் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள். வாயில் ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் செட் உரசியதுதான் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.